முதல் ஆளாகப் போகாத நாள்

அத்தியாயம் 14

ஆறு நாளாகச் சுப்பராயலுவின் வாடகைச் சாமான் கடையிலிருந்து ஒரு நாற்காலிகூட வெளியே போகவில்லை.

ஆனி மாதம். ஊரெல்லாம் கல்யாணம். கடலூர் சிப்காட்டுக்குத் தெற்கே இருக்கிற அந்தத் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் தேதி குறித்திருந்தார்கள். மூன்று வீட்டுக்காரர்களும் வந்து, பந்தல் வேண்டாம், பாத்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் காரணம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? உயிரோடு இருக்கிற மனுசன் வாசலில் சாவுப் பந்தல் போட்டவன் கடையிலிருந்து கல்யாணத்துக்கு யார் கம்பு எடுப்பார்கள்?

நடந்ததைத் திரும்பச் சொல்ல வாய் கூசத்தான் செய்கிறது. ஆனாலும் இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்குச் சொல்லாமல் முடியாது.

கோவிந்தசாமி, சுப்பராயலுவின் மனைவி அமராவதிக்குக் கூடப் பிறந்த அண்ணன். சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். போன ஞாயிற்றுக்கிழமை பகலில் அவரை ஏற்றிய ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்து நின்றது. சத்தமே இல்லை. அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அலறிக்கொண்டு போன வண்டி ஊமையாகத் திரும்பி வந்தால் உள்ளே உயிர் இல்லை என்று.

தெருமுனையில் தண்ணீர் லாரி மறித்து நின்றதில் ஆம்புலன்ஸ் உள்ளே வரக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தில் சுப்பராயலு சந்து வழியாகப் போய், மச்சான் வீட்டு வாசலில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டுவிட்டார். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். சாவு வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அழுதுகொண்டிருக்கிறவன் எழுந்து வந்து நாற்காலி கேட்கக் கூடாது. நாற்பது வருசமாக அவர் கடைக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

வண்டிக் கதவைத் திறந்தார்கள். கோவிந்தசாமி கண்ணைத் திறந்து பார்த்தார்.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். அவசரம் ஒன்றும் இல்லாததால் டிரைவர் சைரன் போடவில்லை. அவ்வளவுதான்.

மகன் எழிலன் இரண்டு கம்பையும் பிடுங்கித் தெருவில் வீசினான். "எங்க அப்பா சாவறதுக்குள்ள வந்து நின்னுட்டீங்களா மாமா? உங்க கடைச் சாமான் ஒரு ஸ்பூன்கூட இனிமே இந்த வாசலுக்கு வரக் கூடாது."

அந்தக் கூச்சலுக்கு நடுவில் கோவிந்தசாமியின் உதடு அசைந்தது. பந்தக்காலைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் முகத்துக்கு அருகில் குனிந்திருந்த அமராவதிக்கு மட்டும்தான் அது கேட்டது. அவள் அன்றைக்கு அண்ணன் வீட்டுக்குள் போனவள்தான். புருசனிடம் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மச்சான் என்ன சொன்னார்? சுப்பராயலுவைத் தூங்க விடாமல் தின்றுகொண்டிருந்தது அதுதான்.

கல்யாண ஆர்டர் போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. அந்தக் கடை முதலில் கோவிந்தசாமியும் அவரும் சேர்ந்து போட்டது. பன்னிரண்டு இரும்பு நாற்காலி, ஒரு அண்டா, இரண்டு ஜமுக்காளம். கோவிந்தசாமிக்குச் சிப்காட்டில் வேலை கிடைத்தபோது, "நீயே பாத்துக்க மச்சான்" என்று சிரித்துக்கொண்டே விலகினார். இன்றைக்கும் கடையில் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் 'கோ.சு.' என்றுதான் எழுதியிருக்கிறது. கடையின் இன்னொரு சாவி இன்றைக்கும் கோவிந்தசாமி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது.

அந்த மனுசன், நான் எப்போது சாவேன் என்று இவன் காத்திருந்தான் என்று நினைத்துக்கொண்டா கண்ணை மூடப் போகிறார்?

ஏழாம் நாள் காலையில் சுப்பராயலு கடையைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். மகள் கனிமொழி அங்கேதான் இருக்கிறாள். அவள் கேட்டால் அமராவதி வாயைத் திறப்பாள்.

ஏறினதும்தான் தெரிந்தது, அன்றைக்குத் தேர்.

சிதம்பரத்தில் நாலு வீதியிலும் எள் விழ இடமில்லை. கனிமொழியின் ரவிக்கைக் கடை மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வாசலில் பானையில் மோர் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தேர் அன்னிக்கு யாராவது வருவாங்களாப்பா? பஸ்ஸு உள்ள வராதே."

"நடந்து வந்தேன்."

"சாப்புட்டீங்களா?"

"உங்கம்மா வீட்ல இல்லியே."

"அதாலதான் கேக்குறேன்."

மோரைக் கையில் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. வந்த காரியத்தைச் சொன்னார்.

"அதைத் தெரிஞ்சிக்கினு என்னா பண்ணப் போறீங்க?" என்றாள்.

"தெரியணும்."

"மாமா நல்ல வார்த்தையா சொல்லியிருந்தா அம்மா இத்தினி நாள் சொல்லாம இருக்குமா?"

சுப்பராயலு மோர்க் குவளையைப் பார்த்தபடி நின்றார். சொன்ன பிறகுதான் கனிமொழிக்கு உறைத்தது.

"உங்களுக்கு எல்லாத்துலயும் முதல் ஆளா போய் நிக்கணும்பா. அதான் பிரச்சினை."

"முதல் ஆளா போவாதவனுக்கு இந்தக் கடை எதுக்குடி? சிதம்பரத்து வாடகைக் கம்பெனிக்காரன் மாதிரி போன்ல ஆர்டர் வாங்கிக்கினு ஒக்காந்திருக்கலாம்."

"எங்க மாமியார் செத்தப்ப, பாடிய எடுத்தப்புறம் வந்துச்சி அந்தக் கம்பெனி நாற்காலி. கடலூர்லேர்ந்து டெம்போ புடிச்சி வந்து பந்தல் போட்டது நீங்கதான். அதை நான் மறக்கல. ஆனா..."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. டீக்கடை அந்தோணிசாமி. சுப்பராயலுவின் கடைக்கு அடுத்த கடை.

"அண்ணே, பெரியவரு போயிட்டாரு."

"எப்ப?"

"இப்பதான், அரை மணி நேரம் இருக்கும். நீங்க எங்க இருக்கீங்க? கடை பூட்டிக் கெடக்குது?"

சுப்பராயலுவின் கை தன்னாலே இடுப்புக்குப் போனது. சாவி அங்கே இருந்தது. சாவியும் அவரும் சிதம்பரத்தில் இருந்தார்கள். குளிர்ப்பெட்டியும் நாற்காலியும் பந்தல் துணியும் நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பூட்டின கடைக்குள் இருந்தன.

"அண்ணே, கேக்குதா?"

"கேக்குது."

"எழிலன் சிதம்பரத்துக் கம்பெனியில பெட்டி சொல்லிட்டான். போன்லயே பணம் கட்டிட்டானாம். ரெண்டு மணி நேரத்துல வந்துடும்னு மெசேஜ் வந்துருக்குதாம். நான் என்னாத்தைச் சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாத."

கனிமொழி பானையை அப்படியே அடுத்த கடைக்காரியிடம் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அழுதுகொண்டே செருப்பு மாட்டினாள். அப்பாவைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

சந்தைத் தாண்டி வீதிமுனைக்கு வந்தபோது அந்த வண்டியைப் பார்த்தார்கள். முன்னாலும் பின்னாலும் ஜனம். நடுவில் ஒரு சின்ன லோடு வண்டி அசையாமல் நின்றது. பின்னால் கண்ணாடி மூடிபோட்ட குளிர்ப்பெட்டி. பக்கவாட்டில் பளபளவென்று கம்பெனிப் பெயர்.

முதலில் சுப்பராயலுவுக்குச் சந்தோசம் வந்தது. மறைப்பானேன், வந்தது. ரெண்டு மணி நேரத்தில் வருகிறானாம், வரட்டும் பார்க்கலாம் என்று உள்ளே ஒரு குரல் சிரித்தது.

டிரைவர் பக்கத்து ஜன்னலில் சுப்பராயலு கை வைத்தார்.

"யாரு வீட்டுக்குப்பா போவுது?"

"கடலூர் சிப்காட் பக்கம் பெரியவரே. கோவிந்தசாமின்னு ஒரு பாடி."

பாடி. அந்த ஒரு சொல்லில் சிரித்த குரல் செத்துவிட்டது. தோளில் கை போட்டு நாற்பது வருசம் நடந்த மனுசன், தேர்க்கூட்டத்தில் யாரோ ஒருத்தன் வாயில் ஒரு பாடி.

"எப்ப கெளம்பும்?"

"தேரு திரும்புனாத்தான். எனக்கு என்னா தெரியும்?"

"பெட்டிய கரண்ட்ல போட்டுப் பாத்தியா? குளிரு புடிக்குதா?"

"அங்க போய்ப் பாத்துக்கலாம்."

சுப்பராயலு ஜன்னலிலிருந்து கையை எடுத்தார். நாற்பது வருசத்தில் ஒரு பெட்டியைக்கூட அவர் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்காமல் அனுப்பியதில்லை.

"எழிலு மாமாவுக்குப் போன் பண்ணி, வண்டி மாட்டிக்கிச்சின்னு சொல்லிடறேன்" என்றாள் கனிமொழி. மாமன் மகனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"வாணாம்."

"ஏம்பா?"

"நாம சொன்னா நம்ப மாட்டான். பொறாமையில சொல்றோம்னுவான். பேசாம வா."

அவள் போனைப் பைக்குள் போட்டாள். யாரையும் கேட்டுப் பழகாத மனுசன், தன்னை யாரும் நம்ப மாட்டார்கள் என்று தானே முடிவு கட்டிவிட்டார். அந்த ஒரு போன் போயிருந்தால் எழிலன் வேறு இடத்தில் பெட்டிக்குச் சொல்லியிருப்பான். மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்கும். சுப்பராயலுவுக்கு அது அப்புறம்தான் தெரிந்தது.

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பஸ் ஏறவே பதினொன்றரை ஆகிவிட்டது. பஸ் முட்லூரைச் சுற்றிக்கொண்டு ஊர்ந்தது. ஆலப்பாக்கம் தாண்டும்போது வெயில் கம்பியைச் சுட்டது. இந்த வெயிலில் மச்சான் எதன் மேல் கிடக்கிறார்? யார் என்ன போட்டிருக்கிறார்கள்? சுப்பராயலுவின் வாய் விடாமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. பெட்டி ஒன்று, நாற்காலி நாற்பது, பந்தல் துணி பெரியது, தண்ணீர் டிரம், டியூப் லைட்டு நாலு.

தெருமுனையில் இறங்கியபோது மணி இரண்டு.

தெருவிலே எல்லாக் கடைக்கும் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. சாவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் அப்படித்தான். அவர் தன் கடைப்பக்கம் போகாமல் நேராக மச்சான் வீட்டைப் பார்த்து நடந்தார். நாலு வீடு தள்ளியே நின்றுவிட்டார்.

வாசலில் சைக்கிள் கடை ராஜவேலின் தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் ஜன்னல் கம்பியிலும் மறுபக்கம் முருங்கை மரத்திலும். அது தொப்பையாகத் தொங்கியது. கீழே உட்கார அந்தோணிசாமியின் டீக்கடை பெஞ்சு இரண்டு. முடிவெட்டும் கடையிலிருந்து சுழல் நாற்காலியைக்கூடத் தூக்கி வந்திருந்தார்கள். மற்றவர்களெல்லாம் வெயிலில் நின்றார்கள். உள்ளே கோவிந்தசாமி இன்னொரு டீக்கடை பெஞ்சில் படுத்திருந்தார். இஸ்திரிக் கடை மின்விசிறி அவர் முகத்துக்கு நேரே ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சுக்கு அடியில் தகரத் தொட்டியில் ஐஸ்கட்டி.

சுப்பராயலுவைப் பார்த்ததும் மீன்காரத் தைலம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"துறைமுகத்துல எடுத்த ஐஸு அண்ணே. வேற வழி தெரியல. தொட்டிய மூணு தடவ கழுவுனேன். வாடை வருதா பாருங்க."

"வரலம்மா" என்றார். வந்தது.

இத்தனை பேரும் தங்கள் பிழைப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்து குடிக்க இடமில்லை, இஸ்திரிக்காரன் வெந்துகொண்டிருப்பான், தைலம்மாளின் மீன் இந்நேரம் கெட்டிருக்கும். ஒருத்தரும் ஒரு போன் ஆர்டருக்காகக் காத்திருக்கவில்லை. தெருவில் இதற்கென்றே இருக்கிற கடை மட்டும் பூட்டிக் கிடந்தது.

"எழிலன் எங்க?" என்று கேட்டார்.

அந்தோணிசாமி தெருமுனைப் பக்கம் கையைக் காட்டினான். "உங்க கடைப் படியிலதான். ஒரு மணி நேரமா ஒக்காந்திருக்கான். கம்பெனியில வண்டி வந்துக்கினு இருக்குதுன்னே மெசேஜ் வருதாம், வண்டியக் காணோம்."

சுப்பராயலு திரும்பி நடந்தார். கனிமொழி கூடவே வந்தாள்.

எழிலன் பூட்டிய ஷட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயசு ஆள், சின்னப் பையன் மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். வலது கை மூடியிருந்தது. மாமாவைப் பார்த்ததும் எழுந்தான்.

"அன்னிக்கு உசுரோட இருக்கும்போது வந்தீங்க. இன்னிக்குச் செத்துக் கெடக்கறாரு. ஏன் மாமா வரல?"



"கூப்புடாம வர்ற ஆளுதானே நீங்க? எங்க போனீங்க?"

"நீதானேடா வரக் கூடாதுன்ன."

"சொன்னேன். கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். நீங்க கேட்டுடுவீங்களா?"

கனிமொழி அவன் கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் சாவி. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற சாவி.

"இது இருக்குதுல்ல மாமா, தொறந்து எடுத்துக்க வேண்டியதுதானே?" என்றாள்.

"எங்கப்பா இந்தச் சாவிய ஒரு நாள்கூடப் போட்டுத் தொறந்ததில்ல. நான் எப்புடித் தொறப்பேன்? சாமான் கேட்டு வந்திருக்கேன். கடைக்காரர் வந்துதான் குடுக்கணும்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்களை மன்னிச்சிட்டேன்னு நெனைச்சிக்காதீங்க. பெட்டி வேணும். அவ்ளோதான்."

"அந்த வண்டி சிதம்பரத்துல தேர்ல மாட்டிக்கிச்சி மாமா. பத்தரைக்கே நாங்க பாத்தோம்" என்று கனிமொழி சொல்லிவிட்டாள்.

எழிலன் மெல்லத் திரும்பினான். "பாத்துட்டு ஒரு போன் பண்ணலையா?"

"நான்தான் வாணாம்னேன்" என்றார் சுப்பராயலு. மகள் மேல் பழி விழ விடுகிற ஆள் இல்லை அவர். "நம்ப மாட்டேன்னு நெனைச்சேன்."

திட்டியிருந்தால் தேவலை. எழிலன் விலகி நின்று வழி விட்டான்.

அரைஞாணில் சாவியை முடிந்த முடிச்சு சுப்பராயலுவுக்கு அவிழவில்லை. கடைசியில் கயிறோடு இழுத்து அறுத்தார். ஷட்டர் ஏறியது. பெட்டியைக் கரண்டில் செருகினார்.

"நேரமில்ல மாமா."

"அஞ்சு நிமிசம். குளிரு புடிக்குதா பாத்துட்டுத்தான் உங்கப்பாவ வெக்கணும்."

கண்ணாடிக்கு உள்ளே கையை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். குளிர் விரலில் ஏறியதும் தலையை ஆட்டினார். மூன்று சக்கர வண்டியில் பெட்டியை ஏற்றிக் கட்டினார்கள். எழிலன் முன்னால் இழுத்தான், ராஜவேலும் அந்தோணிசாமியும் பின்னால் தள்ளினார்கள். கனிமொழி தலையில் நாலு நாற்காலி. தெருவே வந்து ஆளுக்கு இரண்டாகத் தூக்கியது. நாற்காலிகளின் முதுகில் 'கோ.சு.', 'கோ.சு.' என்று எழுத்துகள் வரிசையாகப் போயின.

கோவிந்தசாமியைப் பெஞ்சிலிருந்து தூக்கிப் பெட்டியில் வைக்கும்போது தலைப்பக்கம் பிடித்தது சுப்பராயலு. ஐஸ் தண்ணீரில் மச்சானின் பின்மண்டை முடி நனைந்திருந்தது. தன் துண்டால் துடைத்துவிட்டு மூடியை இறக்கினார்.

அப்புறம் வாசலுக்கு வந்து, எழிலன் பிடுங்கி வீசி அன்றைக்கே கடைக்குத் திரும்பிய கம்பை எடுத்தார்.

கடப்பாரை தேவைப்படவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் தோண்டிய குழி அங்கேயே இருந்தது. எழிலன் மண்ணை இழுத்துக் காலால் மூடியிருந்தான், ஆனால் கெட்டிப்படவில்லை. கையாலேயே மண் வந்தது. அதே குழியில் அதே கம்பு சொல்லிவைத்த மாதிரி இறங்கியது.

நிமிர்ந்தபோது எதிரில் அமராவதி. ஏழு நாளில் பாதியாக இளைத்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"இந்தா" என்றார் மெதுவாக. "அன்னிக்குப் பந்தக்காலப் பாத்துட்டு மச்சான் என்னா சொன்னாரு?"

அவள் கம்பைப் பார்த்தாள். மண் ஒட்டிய அவர் கையைப் பார்த்தாள்.

"கருமாதி முடியட்டும். சொல்றேன்."

"நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்லு."

"பொம்பளைங்க எல்லாம் வெயில்ல நிக்கறாங்க. அந்தப் பக்கம் பத்து நாற்காலி போடுங்க."

உள்ளே போய்விட்டாள்.

பதினாறு நாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் பந்தலைப் பிரிப்பார்கள். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் இந்த வாசலுக்கு வந்து கயிற்றை இழுத்துக்கட்ட வேண்டியவர் அவர்தான், அவளோ உள்ளேதான் இருப்பாள்.

சுப்பராயலு காலால் மண்ணை மிதித்துக் கெட்டியாக்கினார். நாற்காலி போடப் போனார்.